‘சும்மாதான் கூப்பிட்டேன்’ - நண்பர்களிடம் இப்படிச் சொல்லி எவ்வளவு நாளாச்சு?

போன வருஷம் நவம்பர் மழையில் ஒரு நாள். வேலை முடிந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் இருந்த போன் தானாக யாருக்கோ கால் போட்டுவிட்டது. எடுத்துப் பார்த்தால், பெங்களூரில் இருக்கும் கல்லூரி நண்பன். ஹாஸ்டலில் 4 வருஷம் ஒரே அறையில் இருந்தவன். நான் கட் பண்ணுவதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

“என்னடா, என்னாச்சு?”

“ஒண்ணுமில்லடா, தெரியாம அழுத்திடுச்சு. வச்சிடவா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரி... நேரமிருந்தா பேசுடா” என்றான்.

அந்தக் குரல் சரியில்லை என்று உடனே தெரிந்துவிட்டது. குரோம்பேட்டையிலேயே இறங்கி, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து பேசினேன். அவனுக்கு வேலை போய் 4 மாதம் ஆகியிருந்தது. மனைவிக்கு மட்டும் தெரியும். ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்குத் தெரியாது. காலையில் அக்கம்பக்கத்தாரின் கேள்விக்குப் பயந்து லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஒரு நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு சாயந்தரம் வீடு திரும்பிக்கொண்டிருந்தான்.

சரி, அந்த 4 மாதமும் நாங்கள் தொடர்பில் இல்லாமல் இருந்தோமா? அதுதான் விஷயம். தினமும் தொடர்பில் இருந்தோம். எங்கள் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் 11 பேர். கிரிக்கெட், மீம், பிறந்தநாள் வாழ்த்து, அரசியல் சண்டை எல்லாம் உண்டு. அன்று ராத்திரி சாட்டை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவன் ஒரு நாள்கூட காணாமல் போகவில்லை. நானே ஆகஸ்டில் “எப்படி போகுது மச்சி?” என்று கேட்டிருக்கிறேன். “செமயா போகுது” என்று பதில், கூடவே சிரிக்கிற எமோஜி. நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறேன்.

சாட் நட்பைக் கெடுத்துவிட்டது என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. சாட் இல்லையென்றால் அந்த 11 பேரும் எப்போதோ சிதறிப் போயிருப்போம். ஆனால் ஒரு விஷயத்தில் நாம் ஏமாந்துகொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். நண்பரைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பதையே நண்பரோடு இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். அவர் கோவா போனது தெரியும், புது பைக் வாங்கியது தெரியும், கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தார் என்பதும் தெரியும். அவர் எப்படி இருக்கிறார் என்பது மட்டும் தெரியாது.

ஒரே ‘என்னடா’, எத்தனை அர்த்தம்?

‘என்னடா’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோபமாகச் சொல்லலாம். ஆச்சரியமாகச் சொல்லலாம். பாசமாக இழுக்கலாம். சலிப்பாக முணுமுணுக்கலாம். ‘ஏதோ தப்பா இருக்கே’ என்று பதறியும் சொல்லலாம். எழுதும்போது எல்லாம் ஒரே நான்கு எழுத்துதான். ‘பரவால்ல’ இன்னும் மோசம். உண்மையிலேயே பரவாயில்லையா, இல்லை மனசு நொந்துபோய்ச் சொல்கிறாரா என்பது குரலில் மட்டும்தான் தெரியும். ‘ம்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஒற்றை எழுத்தால் உடைந்த காதல்கள் எத்தனையோ!

எழுதுகிறவருக்கு இது தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். ஏனென்றால் டைப் செய்யும்போது அவர் மனசுக்குள் தன் குரலைக் கேட்டுக்கொண்டேதான் டைப் செய்கிறார். 2005-ல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றைச் சீரியஸாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். ‘எதிரில் இருப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்’ என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். நிஜத்தில் சரியாக இருந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலே 50 வந்திருக்கும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது எதிர்பார்ப்புக்கும் நிஜத்துக்கும் பெரிய இடைவெளி இல்லை.

இன்னொன்று, இடைவெளி. நேர்ப் பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் பதிலைத் தொடங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்? ஜப்பானியம், கொரியன், டச்சு உட்பட 10 மொழிகளின் உரையாடல்களை வைத்து 2009-ல் வெளியான ஒரு ஆய்வில், சராசரியாக 0.2 வினாடி என்று கண்டார்கள். கண் சிமிட்டும் நேரம். நம் காது அந்த வேகத்துக்குப் பழகியிருப்பதால், போனில் ஒருவர் 2 வினாடி பேசாமல் இருந்தாலே ‘என்னமோ இருக்கு’ என்று உறைக்கிறது. அன்று ரயிலில் எனக்கு உறைத்தது அந்த அமைதிதான். சாட்டில் 2 மணி நேரம் பதில் வரவில்லை என்றால் அது எதையும் சொல்வதில்லை. மீட்டிங்கில் இருக்கலாம், தூங்கலாம், அழுதுகொண்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் அதே இரண்டு நீல டிக்தான்.

காசு கொடுத்துப் பேசினோம், இலவசமானதும் நிறுத்திவிட்டோம்

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நமக்கு முந்தைய தலைமுறை, இரவில் கட்டணம் குறையும் என்று காத்திருந்து எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்றது. கண்ணாடிக் கதவுக்குள், சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியது. 1995-ல் இந்தியாவுக்கு செல்போன் வந்த புதிதில், நமக்கு வரும் அழைப்புக்கும் நாமேதான் காசு கட்ட வேண்டும். இன்கமிங் இலவசமானது 2003-ல்தான். அதற்குப் பிறகும் ரேட் கட்டர் போட்டு, பூஸ்டர் பேக் போட்டுப் பேசினோம். காசில்லாத நாளில் மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டால் ‘கீழ வந்துட்டேன்’, ரெண்டு ரிங் விட்டால் ‘கிளம்பிட்டேன்’. தீபாவளி, பொங்கல் அன்று எஸ்.எம்.எஸ். பேக் செல்லாது என்பதால் முந்தைய நாளே வாழ்த்து அனுப்பியவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. நாட்டுக்குள் யாருக்குப் பேசினாலும் தனிக் கட்டணம் இல்லை என்று ஆனது. மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கே வந்தன. மணிக்கணக்கில் பேசலாம், யாரும் கேட்கப் போவதில்லை. சரியாக அந்தக் காலத்தில்தான் நாம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு டைப் செய்யத் தொடங்கினோம்.

ஏன்? முதல் காரணம், போன் அடித்தாலே ஏதோ ஒரு தொல்லை என்று ஆகிவிட்டது. பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, ‘சார் பிளாட் பாக்குறீங்களா?’, போதாக்குறைக்கு மோசடி அழைப்புகள். மீதி இருப்பது ஆபீஸ் கால். பகலில் 5 மீட்டிங்கில் பேசி முடித்தவருக்கு ராத்திரி இன்னொரு குரல் என்றாலே அலுப்பு.

இரண்டாவது காரணம், மரியாதை. ‘அவன் என்ன வேலையில இருக்கானோ, நாம ஏன் தொந்தரவு பண்ணணும்?’ என்று நினைக்கிறோம். “கால் பண்ணலாமா?” என்று முதலில் மெசேஜ் போட்டு அனுமதி கேட்கிறோம். அவரும் “10 நிமிஷத்துல பண்றேன்” என்கிறார். பிறகு இரண்டு பேருமே மறந்துவிடுகிறோம். கேட்காமல் கூப்பிட்டால், எதிர்முனையில் முதல் வார்த்தையே “என்னாச்சு?” தான். காரணம் இல்லாமல் கூப்பிடவே கூடாது என்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்பது ஒரு காலத்தில் சாதாரண வாக்கியம். இப்போது அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மூன்றாவது, கூச்சம். ‘ஆறு மாசமா பேசல, இப்போ திடீர்னு கூப்பிட்டு என்ன பேசுறது?’ இந்த மூன்றில் நம்மை அதிகம் தடுப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

கூச்சமா இருக்குமா? ஆய்வு சொல்வது என்ன?

இந்தக் கூச்சத்தையும் சோதித்திருக்கிறார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அமித் குமாரும், மேலே சொன்ன நிக்கோலஸ் எப்லியும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு அது. 200 பேரிடம், ரொம்ப நாளாகத் தொடர்பில் இல்லாத ஒரு பழைய நண்பரை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். போனில் பேசினால் எப்படி இருக்கும், மின்னஞ்சல் எழுதினால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். ‘போனில் பேசினால் நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் கூச்சமாக இருக்குமே’ என்று பலரும் எழுத்தையே விரும்பினார்கள்.

பிறகு குலுக்கல் முறையில் பாதிப் பேரைப் பேசவும், மீதிப் பேரை எழுதவும் சொன்னார்கள். பேசியவர்கள் எழுதியவர்களைவிடக் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தார்கள். கூச்சம்? இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேசினால் நேரம் போய்விடும் என்ற பயமும் சரியில்லை. எழுதி, படித்து, பதில் போட ஆன நேரத்துக்கும் பேச ஆன நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரே கணக்குதான்.

உடம்பே வித்தியாசம் காட்டுகிறது என்கிறது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2012-ல் வெளியானது. 7 முதல் 12 வயது வரையிலான சிறுமிகளை, தெரியாத ஆட்களுக்கு முன்னால் பேச வைத்து, கணக்குப் போட வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலர் அம்மாவை நேரில் பார்த்தார்கள், சிலர் போனில் பேசினார்கள், சிலர் சாட் செய்தார்கள், சிலர் தனியாக இருந்தார்கள். நேரில் பார்த்தவர்களுக்கும் போனில் பேசியவர்களுக்கும் பதற்றத்தோடு கூடும் கார்ட்டிசால் குறைந்தது. நெருக்கத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் கூடியது. சாட் செய்தவர்களின் நிலை, யாரிடமும் பேசாமல் தனியாக இருந்த சிறுமிகளைப் போலவே இருந்தது. ஆறுதல் சொன்னது அதே அம்மாதான். ஆனால் குரல் இல்லாதபோது அந்த ஆறுதல் உடம்பு வரை போய்ச் சேரவில்லை.

இந்த ஆய்வுகளை அப்படியே நம் வாட்ஸ்அப்புக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்று மின்னஞ்சல் பற்றியது, இன்னொன்று குழந்தைகள் பற்றியது, இரண்டுமே அமெரிக்காவில் நடந்தவை. ஆனாலும், கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது நாம் போடும் கணக்கு தப்பாக இருக்கலாம் என்பதற்கு இவை போதும்.

அப்போ சாட் வேண்டாமா?

அப்படிச் சொன்னால் அது அநியாயம். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, தோழியிடம் மனசு விட்டுப் பேச வீட்டில் ஒரு மூலைகூடக் கிடைக்காது. அவருக்கு சாட்தான் தனி அறை. காது கேளாதவர்கள், பேச்சில் திக்கல் உள்ளவர்களுக்கு இந்த எழுத்துத் திரை எவ்வளவு பெரிய விடுதலை என்பது அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் நண்பருக்கு நம் பகல்தான் நடுராத்திரி. அவர் காலையில் எழுந்து படித்துக்கொள்ளட்டும் என்று அனுப்பிவைக்க சாட்டைவிட நல்ல வழி இல்லை. ‘அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார்’ என்று ஒரே செய்தியைப் பத்துப் பேருக்கு அழுதுகொண்டே போனில் சொல்வதைவிட, ஒருமுறை டைப் செய்து அனுப்புவது மேல்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. டீக்கடையில் ஹாஸ்டல் நாட்களில் கேட்ட பாட்டு ஓடுகிறது. உடனே “இது ஞாபகமிருக்கா?” என்று ஒரு வரி. இதற்கெல்லாம் யாரும் கால் போட மாட்டார்கள். அந்த ஒரு வரிதான் ‘உன்னை நினைச்சேன்’ என்று சொல்கிறது. நட்பு காய்ந்துபோகாமல் இருக்க இந்தத் தூறல் தேவை.

வாய்ஸ் நோட் நடுவில் இருக்கிறது. குரல் கேட்கிறது, அதனால் எழுத்தைவிட மேல். ஆனால் நடுவில் ‘இரு இரு, என்ன சொன்ன?’ என்று கேட்க முடியாது. அதையும் இப்போது 2 மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறோம். நண்பரின் தழுதழுப்பு 2 மடங்கு வேகத்தில் எப்படித் தெரியும்?

அதனால் என் கருத்து இதுதான்: தொடர்பு அறுந்துபோகாமல் வைத்திருக்க சாட் போதும். பாரமான ஒன்றை இறக்கிவைக்க அது போதாது.

ஆண் நண்பர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல்

ஒருவருக்கு ஏறக்குறைய 150 பேரோடுதான் நிலையான உறவு வைத்துக்கொள்ள முடியும் என்று சொல்லிப் பிரபலமானவர் பிரிட்டன் மானுடவியலாளர் ராபின் டன்பார். அந்த 150-க்குள்ளும் நமக்கு மிக நெருக்கமாக இருப்பவர்கள் 5 பேர் அளவில்தான் என்கிறார். பள்ளி முடித்து வேறு வேறு ஊர்களுக்குப் போன மாணவர்களை, சாம் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அவர் 18 மாதங்கள் கவனித்தார். பெண்களின் நட்பைப் பிரிவுக்குப் பிறகும் தாங்கிப் பிடித்தது பேச்சு. ஆண்களின் நட்பைத் தாங்கியது, சேர்ந்து எதையாவது செய்வது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால் எங்கள் குரூப்புக்கு அப்படியே பொருந்துகிறது. ஹாஸ்டலில் நாங்கள் உட்கார்ந்து ‘பேசியதே’ இல்லை. சேர்ந்து கிரிக்கெட் ஆடினோம், செகண்ட் ஷோ போனோம், அரியர் எழுதினோம், ஒரே டீயை ரெண்டாக்கிக் குடித்தோம். அதற்கு நடுவில்தான் ஒருவன் வீட்டுக் கஷ்டம் இன்னொருவனுக்குத் தெரியவந்தது. இப்போது சேர்ந்து செய்ய ஒன்றுமில்லை. பேசும் பழக்கமும் இல்லை. மிச்சம் இருப்பது மீம் மட்டும்.

“ஏன்டா சொல்லல?” என்று பிறகு ஒரு நாள் அவனிடம் கேட்டேன்.

“டைப் பண்ணிப் பாத்தேன்டா. ‘வேலை போச்சு’ன்னு அடிச்சேன். அதுக்கப்புறம் என்ன அடிக்கிறதுன்னு தெரியல. நீங்க எல்லாரும் ஆளுக்கொரு அழுகை எமோஜி போடுவீங்க, ‘பாத்துக்கலாம்டா’ம்பீங்க. நான் பத்து பேருக்கும் தேங்க்ஸ் சொல்லணும். அப்புறம் குரூப்ல மீம் போடவே எல்லாரும் யோசிப்பீங்க. எதுக்குன்னு அழிச்சிட்டேன்.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னது அத்தனையும் சரி. அப்படித்தான் செய்திருப்போம்.

என்ன செய்யலாம்?

போனில் இருக்கும் 600 பேருக்கும் கூப்பிடச் சொல்லவில்லை. எனக்குக் கைகொடுத்த சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

1. ஐந்தே பேர். சாட்டில் தினமும் பார்த்துக்கொள்ளும், ஆனால் 3 மாதத்துக்கு மேல் குரலே கேட்காத 5 பேரை எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் நிச்சயம் ஆச்சரியப்படுத்தும்.

2. முதல் வாக்கியத்திலேயே பயத்தைப் போக்குங்கள். “அவசரம் ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன், 10 நிமிஷம் இருக்கா?” இதில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை, கடன் கேட்கவில்லை, ரொம்ப நேரம் எடுக்கப்போவதில்லை.

3. எடுக்கவில்லை என்றால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். “சும்மாதான், முடிஞ்சா கூப்பிடு” என்று ஒரு மெசேஜ் போதும். பழைய மிஸ்டு காலுக்கு இருந்த அர்த்தம் அதுதானே?

4. இதற்கென்று நேரம் ஒதுக்க முடியாது என்றால், வேறு வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் நேரம், துணி மடிக்கும் நேரம், மொட்டை மாடி நடை. பைக் ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

5. சில விஷயங்களை எழுத்தில் முடிக்காதீர்கள். மன்னிப்பு, சண்டை, சாவு, வேலை இழப்பு, கொடுத்த கடன். இதில் எது சாட்டில் தொடங்கினாலும், இரண்டாவது மெசேஜுக்கு முன்னால் கூப்பிட்டுவிடுவது நல்லது.

6. ‘எப்படி இருக்க?’ என்று கேட்டு, ‘சூப்பர்’ என்று பதில் வந்தால், அடுத்த கேள்வியையும் கேளுங்கள். “இன்னிக்கு காலையில இருந்து என்ன பண்ண?” என்று கேட்டுப் பாருங்கள். ‘சூப்பர்’ என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கூப்பிட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நான் கூப்பிட்டதால் அவனுக்கு வேலை கிடைத்துவிடவில்லை. பிப்ரவரியில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தான், பழைய சம்பளத்தைவிடக் குறைவு, அதுவும் அவனே தேடிக்கொண்டது. அந்த 3 மாதமும் நான் செய்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கூப்பிட்டதுதான். சில வாரம் 5 நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். “அப்புறம்?” “அப்புறம் நீதான் சொல்லணும்.” அவ்வளவுதான். டிசம்பர் கடைசியில் ஒருநாள், “அப்பாகிட்ட சொல்லிட்டேன்டா” என்றான். எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “உன்கிட்ட ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன்ல, அதுக்கப்புறம் அவ்வளவு கஷ்டமா இல்ல” என்றான்.

குரூப்பில் அவன் இன்னும் மீம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். மீதி 9 பேரில் எத்தனை பேர் ‘செமயா’ இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வாரம் ஒருவராகக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் எடுத்தவனின் முதல் வார்த்தை, “என்னடா, என்னாச்சு?”